ஊதா ஏறாத தாள்

1

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி உங்கள் சஞ்சிகைக்கு ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். பனியைப் பற்றியும், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவன் முகம் பாராமல் வருவதைப் பற்றியும், பெருநாளுக்கு லீவு கேட்டுப் பல்லிளித்து நிற்பதைப் பற்றியும் எழுதலாம் என்றுதான் இருந்தேன். அதையெல்லாம் எனக்கு முன்னால் வந்தவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அவளுக்குச் சொல்லாத பதிலை உங்களுக்குச் சொல்கிறேன்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. பாடசாலையில் குடும்ப மரம் வரைந்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பரம்பரையாக ஏதாவது இருந்தால் அந்தக் கட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் நாக்கைச் சுருட்டத் தெரிந்தவர்களைக் கறுப்பாக்குவார்கள். என் மகளுக்கு அதைவிட நல்ல விஷயம் கிடைத்திருந்தது.

"சல்மா ஆன்ட்டியின் பிள்ளைகளைக் கறுப்பாக்கட்டுமா?" என்று இங்கிலீசில் கேட்டாள். அவள் எதையும் இங்கிலீசில்தான் கேட்பாள். நான் தமிழில் பதில் சொல்வேன். பாதி விளங்கும், மீதியை அவளே நிரப்பிக்கொள்வாள். சல்மா என் தங்கச்சி, இவளுக்கு மாமி. அந்தச் சொல்லே இவள் வாயில் வராது.

"ஓம், கறுப்பாக்கு" என்றேன்.

"இரண்டு பேரையுமா?"

"ரெண்டு பேரையும்."

கோட்டுக்கு வெளியே மை போகாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு சதுரத்தையும் ஒரு வட்டத்தையும் அழகாக நிரப்பினாள். தாயும் தகப்பனும் சொந்தக்காரர் என்றால் நடுவில் இரட்டைக் கோடு போட வேண்டுமாம். அதையும் அடிமட்டம் வைத்துப் போட்டாள். வகுப்பில் வேறு யாருக்கும் இப்படி ஒரு மரம் இருக்காது என்பதில் அவளுக்குப் பெரிய சந்தோஷம். பிறகுதான் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"முதல் பிள்ளையைப் பார்த்த பிறகும் ஏன் இரண்டாவதைப் பெற்றார்கள்? இதுதானே உங்கள் வேலை. நீங்கள் அவர்களுக்குச் சொல்லவில்லையா?"

மேசையைத் துடைத்துவிட்டுப் போய் உம்மாவுக்கு உதவி செய் என்று அவளை விரட்டினேன்.

2

எழுபத்தேழில் சாய்ந்தமருதிலிருந்து இங்கே வந்தேன். ஊரில் விஞ்ஞான வாத்தியார். இங்கே விமான நிலையத்தில் இருந்தவன் என் பெயரை இரண்டாக வெட்டி, வாப்பாவின் பெயரை எனக்குக் குடும்பப் பெயர் ஆக்கினான். திருத்தித் தாருங்கள் என்று மூன்று கந்தோருக்கு எழுதினேன். மூன்று கந்தோரும் வாப்பாவின் பெயருக்கே பதில் போட்டன. பன்னிரண்டு வருடமாக எல்லோரும் என்னை வாப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மனுசன் கல்முனைச் சந்தையில் வெங்காயம் விற்று மௌத்தானவர். இப்போது ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அவருக்குத் தனி மேசை இருக்கிறது.

அந்த ஆய்வுகூடத்தில் குருத்தெலும்பைக் கரைப்பது என் வேலை. எதன் குருத்தெலும்பு என்று ஊரில் கேட்டபோது மாட்டு மூக்கு என்று எழுதினேன். மாட்டு மூக்கில் வேலை செய்கிற ஆய்வுகூடங்களும் இருக்கின்றன, ஆகவே அது முழுப் பொய் இல்லை. எங்களுடையது பன்றித் தொண்டை. செவ்வாய்க்கிழமைகளில் இறைச்சிக் கூடத்திலிருந்து வாளியில் வரும். கொழுப்பைச் சுரண்டி எடுத்து, பாக்குச் சீவுவதுபோல மெல்லியதாகச் சீவி, கடும் உப்புக் கரைசலில் போட்டுக் குளிரறையில் வைத்துவிடுவேன். பிறகு பெரிய மெசினில் இரண்டு நாள் சுற்ற வேண்டும். குழாயின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசின் வந்து நிற்கும். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

அந்தப் பிசின் லேசான சாமான் இல்லை. நடுவில் ஒரு புரதத் தண்டு, அதைச் சுற்றிலும் சர்க்கரைச் சங்கிலிகள். பேராசிரியர் படம் கீறினால் போத்தல் கழுவுகிற பிரஷ் மாதிரியே இருக்கும். அந்தச் சங்கிலிகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பில் உயிரணுக்களுக்கு நடுவே கிடக்கிற சாந்து அதுதான். முழங்கால் நோகாமல் மடங்குவதும், கண்ணின் முன்தோல் கண்ணாடியாகத் தெளிந்திருப்பதும், இழுத்த தோல் திரும்பிப் போவதும் அதனால். உடம்பு பழைய சங்கிலியை வெட்டி எறிந்துவிட்டுப் புதியதைச் செய்துகொண்டே இருக்கும். சில பிள்ளைகளுக்கு வெட்டுகிற கத்தரிக்கோல் பிறவியிலேயே இருக்காது. தாயிடமும் தகப்பனிடமும் ஆளுக்கொரு பிழை ஒளிந்திருந்து இரண்டும் ஒரு பிள்ளையில் சேர்ந்துவிட்டால் அப்படி நடக்கும். சொந்தத்துக்குள் கட்டினால் சேர்வதற்கு வாய்ப்புக் கூட. இரண்டு பேரிடமும் அந்தப் பிழை இருந்துவிட்டால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒன்று. வெட்டப்படாத சங்கிலி ஈரலிலும் இருதயத்திலும் கண்ணிலும் மூளையிலும் சேரும், மிஞ்சியது சிறுநீரில் வழியும். அதைப் பிடிக்க, சிறுநீரில் நனைத்துக் காயவைத்த தாள்களை ஆஸ்பத்திரிகள் எங்களுக்கு அனுப்பும். மருந்து கிடையாது. பத்து வயதுவரை இழுபட்டுச் சாகும்.

பன்றியைத் தொட்ட கையை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால். ஊரில் ஓதப் போன காலத்தில் படித்தது. பூந்தோட்டக் கடையில் ஒரு மூட்டை மண் வாங்கிக் குளியலறையில் வைத்திருந்தேன். "கையுறை போட்டுத்தானே தொடுறீங்க, மறுகா என்னத்துக்கு இந்தச் சேறு?" என்று மனைவி கேலி செய்வாள். கையுறையை நம்பலாம், மனதை நம்பேலாது என்பேன்.

பேராசிரியர் நல்ல மனுசன் இல்லை, ஆனால் வேலை தெரிந்தவர். "ஒன்றும் வரவில்லை என்று என்னிடம் வந்து சொல்லாதே. ஏன் வரவில்லை என்று சொல்" என்பார். பன்றித் தொண்டை விஷயத்தில் அவர் சொல்லை ஒரு நாளும் நான் மீறியதில்லை.

3

சல்மாவை லத்தீபுக்குக் கட்டிக்கொடுக்கச் சொல்லி இங்கிருந்து கடிதம் எழுதியவன் நான். லத்தீப் எங்கள் மாமி மகன், வாப்பாவின் தங்கச்சி பிள்ளை. உரித்துள்ள மச்சான் ஊரில் இருக்க வெளியில் ஏன் மாப்பிள்ளை தேட வேண்டும்? எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். அடுத்த வருடம் றியாஸ் பிறந்தான்.

அவனுக்கு மூன்று வயதில் ஒரு படம் வந்தது. ஸ்டூடியோவில் நிற்க வைத்து எடுத்தது. தடித்த உதடு, அமுங்கிய மூக்குத் தண்டு, முன்னுக்குத் தள்ளிய நெற்றி, புடைத்த வயிறு, விரிய மாட்டாத விரல்கள். இந்த நோய் வந்த பிள்ளைகள் எந்த நாட்டில் பிறந்தாலும் பெற்றோரை ஒத்திருக்காமல் ஒன்றையொன்று ஒத்திருக்கும். றியாஸ் லத்தீபைப் போலவும் இல்லை, சல்மாவைப் போலவும் இல்லை. ஆய்வுகூடத்துப் புத்தகத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையைப் போல இருந்தான்.

படத்துடன் சல்மாவின் கடிதம். மேலே பிஸ்மில்லாவுக்கு 786, கீழே நெருக்கி நெருக்கி ஒரு பக்கம்.

"காக்கா, இவன்ட வகுறு வீங்கிக்கிட்டே வருது. புழு எண்டு மருந்து தந்தாங்க. ஓதின தண்ணியும் குடுத்துப் பாத்தாச்சி. மாமி அடுத்த புள்ள பெறு எண்டு ஒத்தக்கால்ல நிக்கிறா. இல்லாட்டி மகனுக்கு வேற இடம் பாப்பாவாம். அடுத்ததும் இப்பிடி வந்தா நான் என்ன செய்ற? நீங்க படிச்சவங்க. நீங்க பெறு எண்டா பெறுவன். வேணாம் எண்டா அவர் போனாலும் பரவாயில்ல, பெற மாட்டன்."

ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தூக்கி என் கையில் வைத்தாள். நான் நாலு வரி பதில் எழுதினேன். 'இத்துடன் வரும் தாளைப் பிள்ளையின் சிறுநீரில் நனை. நிழலில் காயவை. எனக்கு அனுப்பு. விபரம் பிறகு.' ஏன் என்று எழுதவில்லை. எழுதினால் மாமியின் காதுக்குப் போகும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. சொன்னாலும் அவளுக்கு விளங்காது என்று நினைத்தேன். எட்டாம் வகுப்போடு அவளைப் படிப்பிலிருந்து நிறுத்தியதும் நாங்கள்தான்.

ஐந்து கிழமையில் தாள் வந்தது. மெல்லிய பொலித்தீனில் சுற்றி, கடிதத்தின் மடிப்புக்குள் வைத்திருந்தாள். வெள்ளையாக இருந்தது, ஓரம் கொஞ்சம் சுருங்கியிருந்தது, மணம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை துப்பரவாக வேலை செய்திருக்கிறாள் என்று எனக்குப் பெருமைகூட வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் போன பிறகு சோதனை செய்தேன். மூன்று தாள்கள். ஒன்றில் பன்றித் தொண்டைப் பிசின், ஒன்றில் என் சிறுநீர், மூன்றாவது றியாஸுடையது. நீலச் சாயத்தில் தோய்த்துப் பிறகு கழுவினால் வெறும் நீலம் போய்விடும், அந்தச் சர்க்கரைச் சங்கிலி இருக்கிற இடம் மட்டும் ஊதாவாக நிற்கும். பிசின் தாளில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு வட்டம் நின்றது. என்னுடையது வெளுத்தது. றியாஸின் தாளும் வெளுத்தது.

கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அல்ஹம்துலில்லாஹ் என்று எத்தனை தரம் சொன்னேன் என்று தெரியாது. அன்றைக்கே எழுதினேன்: 'நான் பயந்த வருத்தம் இல்லை. என் கையால் பார்த்தேன். தைரியமாகப் பிள்ளை பெறு.'

4

பர்ஸானா பிறந்தாள். அவளுக்கு ஒன்றரை வயதில் சல்மாவின் கடிதம்: "இவள்ட விரலும் மடங்குது காக்கா."

எண்பத்தேழில் தனியாக ஊருக்குப் போனேன். கொழும்பிலிருந்து வழியெல்லாம் ஆமிக்காரர் பஸ்ஸை நிறுத்தி இறக்கி ஏற்றி இறக்கி ஏற்றிச் சோதித்தார்கள். என் பாஸ்போட்டைப் பார்த்தவன் வாப்பாவின் பெயரைச் சொல்லி, "நீதானா அது?" என்று கேட்டான். ஓம் என்றேன். எட்டு மணித்தியாலத்தில் வர வேண்டிய இடத்துக்கு மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குத்தான் வந்து சேர்ந்தேன்.

றியாஸுக்கு ஏழு வயது. பாயில் கிடந்தான். கண் இரண்டும் புகை பிடித்த சிம்னிபோல இருந்தன. காது கேளாது. நாக்கு வாய்க்குள் அடங்காமல் வெளியே கிடந்தது. மூச்சு விடுகிற சத்தம் வாசல்வரை கேட்டது. மூன்று வயதில் கற்ற நாலைந்து சொல்லையும் மறந்துவிட்டான் என்றாள் சல்மா. கடைசியாக மறந்தது உம்மா என்ற சொல்லாம். சின்னவள் தத்தித் தத்தி வந்து என் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுடைய நெற்றியைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சோதனையே தேவையில்லை.

சல்மா என்மேல் ஒரு குறை சொல்லவில்லை. தேத்தண்ணி தந்து, முன்னால் இருந்து கதைத்தாள்.

"நீங்க பாக்கக்குள்ள இல்லாத வருத்தம் மறுகா வந்திரிக்கி, என்ன காக்கா? கண்ணூறுதான். நீங்க சொன்ன தைரியத்துலதான் இவளைப் பெத்த."

எனக்குத் தாள் மேல்தான் சந்தேகம். கடலில் வந்ததோ ஆகாயத்தில் வந்ததோ, வழியில் சூடு பட்டுக் கெட்டிருக்கும். எப்படியும் இந்த முறை என் கையோடு கொண்டுபோவோம் என்று, கொண்டுவந்த தாளில் ஒன்றைக் கொடுத்தேன். "முந்திச் செஞ்ச மாதிரியே செய்" என்றேன்.

சின்னவளை இருத்தி, தாளை நனைத்து, இரண்டு விரலால் நுனியைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். பின்னாலேயே போனேன். தாளைக் கல்லில் விரித்துவிட்டு வாளியை இறக்கினாள்.

"என்ன செய்யப் போறாய்?"

"கழுவப் போறன்."

"என்னத்த?"

"தாளைத்தான்." எனக்குத்தான் பைத்தியம் என்பதுபோலப் பார்த்தாள். "மூத்திரம் பட்ட தாள் காக்கா. நஜீஸ். பிஸ்மில்லா எழுதின கடுதாசிக்குள்ள அத அப்பிடியே வெக்கேலுமா? முந்தியும் நிறமும் மணமும் போகுமட்டும் மூணு தரம் தண்ணி ஊத்திக் கழுவித்தானே அனுப்பின."

வாளியைச் சரித்தாள். தண்ணீர் தாளின்மேல் ஓடிக் கல்லில் வழிந்து வாழையடிக்குப் போனது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கழுவாமத்தான் அனுப்பணும் எண்டு தெரியாதா ஒனக்கு?"

"நனைக்கச் சொன்னீங்க, நனைச்சன். காய வெக்கச் சொன்னீங்க, காய வெச்சன். கழுவ வேணாம் எண்டு நீங்க எழுதல்லியே."

அவள் சொன்னது முழுக்கச் சரி. ஒரு தமிழ்ச் சொல், இரண்டு தமிழ்ச் சொல் கூட எழுதியிருந்தால் போதும். தினமும் மண் போட்டுக் கை கழுவுகிறவனுக்கு, தன் கூடப் பிறந்தவளும் கழுவுவாள் என்று தோன்றாமல் போனது. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

ஆனால் அந்த நேரம் என் வாயில் அது வரவில்லை. என்ன வந்தது என்று சொல்கிறேன். "மடச்சி, கழுவாம அனுப்பியிருந்தா அப்பவே புடிச்சிருப்பன். இவள் பொறந்தே இருக்க மாட்டாள். இவள இந்தக் கோலத்துல பெத்துப் போட்டது கண்ணூறு இல்ல, நீ. ஒன்ட கை."

கத்தித்தான் சொன்னேன். குசினி வாசலில் மாமி நின்றா. வேலியோரம் லத்தீப் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் கேட்டார்கள்.

சல்மா அழவில்லை. வாளியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நாந்தானா காக்கா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

5

நான் திரும்பி வந்து இரண்டு மாதத்தில் லத்தீப் போய்விட்டான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. அதனால் போகிற ஆணுக்குப் பெரிய மூட்டை இருக்காது. உடுப்பையும் சவரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனானாம். நற்பிட்டிமுனைப் பக்கம் இன்னொரு கலியாணம். "கை விளங்காதவளோட என்ட மகன் எத்தின புள்ளைய நாசமாக்குற?" என்று மாமி கேட்டாவாம். கை என்ற அந்தச் சொல்லை மாமிக்கு எடுத்துக் கொடுத்தவன் நான். போன வருடம் றியாஸ் மௌத்தானான். பர்ஸானாவுக்கு நாலு வயது. சிரிப்பை இன்னும் மறக்கவில்லை என்று சல்மா எழுதுகிறாள்.

இனி, கிணற்றடியில் நான் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

தாளில் சிறுநீர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஒரு சொட்டு மஞ்சள் மருந்து, அதற்குமேல் ஒரு சொட்டுக் காரம். சிறுநீர் இருந்தால் செம்மஞ்சளாகும். வெறும் தாள் என்றால் மஞ்சளாகவே கிடக்கும். ஐந்து நிமிட வேலை. மருந்துப் போத்தல் என் தலைக்கு மேலே தட்டில் இருந்தது. ஊதா வராத எந்தத் தாளையும் அந்தச் சொட்டு விடாமல் நம்பக் கூடாது என்பது முதல் வருடத்தில் படிக்கிற பாடம். முன்பின் தெரியாத எத்தனையோ பிள்ளைகளின் தாளுக்கு அந்தச் சொட்டை விட்டிருக்கிறேன். என் தங்கச்சி பிள்ளையின் தாளுக்கு விடவில்லை.

மறதி என்று சொல்ல எனக்கு ஆசைதான். மறக்கவில்லை. கை போத்தலை எடுத்தது. தாளில் மஞ்சள் ஓரம் இல்லாததையும் மணம் இல்லாததையும் கண்ட கை அது. சொட்டை விட்டால் என்ன தெரியவரும் என்று பயந்து போத்தலைத் திருப்பி வைத்தேன். வெளுத்த தாள் எனக்கு வேண்டியிருந்தது. கலியாணத்தைப் பேசி முடித்தவனுக்கு வேறு எந்தத் தாள் வேண்டும்? அவள் தெரியாமல் கழுவினாள். நான் தெரிந்தே அந்தச் சொட்டை விடாமல் இருந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இது அச்சில் வந்தாலும் அவள் பார்க்க மாட்டாள். ஒரு பிள்ளையைத் தூக்கிச் சுமக்கிறவளுக்குச் சஞ்சிகை வாசிக்க நேரமில்லை. அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். யாராவது கண்டுபிடித்து அவளிடம் போய்ச் சொன்னால், அது வேறு யாரோ என்று நான் சாதிப்பேன். எனக்கு என்னைத் தெரியும்.

மகளின் வீட்டுவேலைக்கு நட்சத்திரம் கிடைத்தது. ஆசிரியை சிவப்பு மையில் 'மிகத் தெளிவானது' என்று எழுதியிருந்தாள். மகள் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறாள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சல்மாவின் கடிதம் வந்தது. நோன்புக்கு முன்னால் வருகிற கடிதம். இரண்டு வருடமாக அதில் ஒரே விஷயம்தான்.

"காக்கா, நோன்பு வருது. நான் கழுவினதுக்கு அல்லாக்கிட்ட மாப்புக் கேட்டுட்டன். றியாஸ்ட கபுறடிக்குப் பொம்புளைகள் போகேலாது, மையவாடி மதிலுக்கு வெளியால நிண்டு கேட்டன். பர்ஸானாட காதுக்குள்ளயும் கேட்டன், அவளுக்குக் கேட்டிச்சோ தெரியா. உங்களிட்டயும் கேக்கன். என்னால உங்கட சொல்லும் பொய்யாப் போச்சி. நீங்க மாப்புச் செஞ்சாத்தான் எனக்கு நோன்பு புடிக்க மனசு வரும்."

வேலைக்குப் போக இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. குசினி மேசையில் தாளை வைத்துக்கொண்டு இருந்தேன். 'நீ கழுவினது பெரிய விஷயமில்லை, நான்தான்' என்று ஒரு வரி எழுதினேன். கிழித்தேன். வேறு தாள் எடுத்தேன்.

'தங்கச்சி, நான் மனப்பூர்வமாக மாப்புச் செய்துவிட்டேன். நோன்பைப் பிடி.'

முத்திரை ஒட்டி, போகும் வழியில் பெட்டியில் போட்டேன்.